மதுக்கிண்ணமும் குறிச்சீட்டும் நம் வீட்டுப் பால் கிதாபும்



மேலைநாடுகளில் பரவிவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி இம்முறை எழுத வேண்டியிருக்கிறது. சந்திரன் இன்ன ராசியில் நிறையும் இரவில் இன்ன ஒயினை அருந்த வேண்டும். புதன் வக்ரமாகச் செல்லும் வாரங்களில் பழைய சிவப்பு ஒயின். டாரட் சீட்டுக் கட்டிலிருந்து 'நட்சத்திரம்' வந்தால் வெள்ளை ஒயின், 'கோபுரம்' வந்தால் அதற்கென்று வேறொன்று. இவ்வாறு வானத்தையும் சீட்டையும் குப்பியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பட்டியல் வெளியிடுகிறார்கள். நம் வீடுகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி வந்து கேட்கும்வரை எனக்கும் இப்படி ஒன்று இருப்பது தெரியாது.

பத்து வயதில் என்னிடம் குர்ஆன் ஓதி முடித்தவள் அவள். இப்போது வயது 24. தந்தை வஃபாத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறாள். அந்த ஊதியத்தில்தான் குடும்பம் நடக்கிறது, தம்பி படிக்கிறான். வெளிநாட்டு ஒயின் வணிகர் ஒருவருக்காக, ஆண்டின் ஒவ்வொரு முழுநிலவுக்கும் ஒரு டாரட் சீட்டு, ஒரு ஒயின் என்று எழுதும் பொறுப்பு அவளுக்குத் தரப்பட்டது. அஸர் மதரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்த நேரத்தில் வந்து அமர்ந்தாள்.

"உஸ்தாபி, நான் குடிக்கப் போவதும் இல்லை, சீட்டை நம்பப் போவதும் இல்லை. தட்டச்சுச் செய்வது மட்டும்தான் என் வேலை. இது கூடுமா?"

மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை அவளையே ஓதச் சொன்னேன். ஒரு பிழையும் இன்றி ஓதினாள். மது, சூதாட்டம், பலியிடும் கற்கள், குறிபார்க்கும் அம்புகள் ஆகிய நான்கையும் அல்லாஹ் அங்கே ஒரே வரிசையில் நிறுத்தி, ஷைத்தானின் அசுத்தச் செயல்கள் என்று அறிவித்து, விலகிக்கொள்ளுமாறு ஏவுகிறான். மதுவை ஹராமாக்கிய அதே வசனத்தில் குறி பார்ப்பதும் வந்துவிட்டது. மனனம் செய்யும் பிள்ளைகள் அரபு ஒலியில் கவனம் வைத்து இந்தச் சேர்க்கையைக் கடந்து போய்விடுவதுண்டு. அவளுடைய வேலை அட்டவணையிலோ கிண்ணமும் சீட்டும் ஒரே கட்டத்துக்குள் அமர்ந்திருந்தன.

அந்த அம்புகளை அரபியில் அஸ்லாம் என்பார்கள். இறகும் முனையும் இல்லாத வெறும் குச்சிகள். ஒன்றில் செய் என்னும் பொருளில் எழுதியிருக்கும், மற்றொன்றில் செய்யாதே என்றிருக்கும், மூன்றாவதில் எதுவும் இராது. பயணம், திருமணம், வணிகம் எதற்கும் பையைக் குலுக்கி ஒன்றை உருவிப் பார்ப்பார்கள். வெறுமையானது வந்தால் மறுபடியும் குலுக்குவார்கள். கஅபாவுக்குள் ஹுபல் சிலையின் முன்னால் இதற்கென்றே ஆள் இருந்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு சுராக்கா பின் மாலிக் அவர்களுடையது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் அசையமாட்டார்கள். நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத் சென்றபோது, பிடித்துத் தருவோருக்குக் குறைஷியர் அறிவித்திருந்த பரிசுக்காகக் குதிரையில் துரத்திச் சென்றவர் அவர். குதிரை இடறியதும் இறங்கி அம்பு போட்டுப் பார்த்தார். தாம் விரும்பாத அம்பே வந்தது. ஆயினும் குதிரையில் ஏறித் தொடர்ந்தார்! குதிரையின் கால்கள் மணலில் புதைந்தன. மீண்டும் போட்டார், மீண்டும் அதே அம்பு. பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய அவரே இதை அறிவித்திருக்கிறார், புகாரியில் பதிவாகியிருக்கிறது. குறி பார்ப்பவனின் மனநிலை இதில் அப்படியே தெரிகிறது. பிடித்த பதில் வந்தால் கட்டளை. பிடிக்காவிட்டால் இன்னொரு முறை. ஒருவரிடம் கேட்டது ஒத்துவராவிட்டால் அடுத்த தெருவில் இன்னொருவரிடம் போகிறோமே, அதுவும் அந்தப் பையைக் குலுக்குவதுதான்.

மதுவின் கதை வேறு. அது விலக்கப்பட்ட நாளில் மதீனாவில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் இளைஞர் அனஸ் (ரலி) பேரீச்சம்பழ மதுவைப் பரிமாறிக்கொண்டிருந்தார். அறிவிப்பாளரின் குரல் கேட்டது. போய் அதைக் கொட்டிவிடு என்றார் அபூதல்ஹா. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. கையிலிருந்ததை மட்டும் முடித்துவிட்டுக் கொட்டலாம் என்று அங்கே யாரும் சொன்னதாக வரலாறு இல்லை.

சரி, ஒயினுக்கும் கோளுக்கும் எங்கிருந்து தொடர்பு வந்தது? மாணவி கொண்டுவந்த குறிப்புகளை வாங்கிப் படித்தேன். விலக்கப்பட்ட ஒன்றைப் பற்றிப் படிப்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் என்னவென்று தெரியாமல் ஒன்றைத் தவறு என்று சொன்னால் இக்காலத்துப் பிள்ளைகள் கேட்பதில்லை.

ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் 1924ஆம் ஆண்டில் அப்போதைய ஜெர்மனியின் கோபர்விட்ஸ் என்னும் ஊரில் வேளாண்மை பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து 'பயோடைனமிக்' எனும் சாகுபடி முறை பிறந்தது. இரசாயன உரம் கூடாது என்பது வரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதனோடு, பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைப்பதும், வானத்து ஆற்றல்களைக் கணக்கில் கொண்டு வேலை செய்வதும் சேர்ந்திருந்தன. பின்னர் மரியா துன் எனும் ஜெர்மானியப் பெண்மணி முள்ளங்கி விதைத்துப் பார்த்து, சந்திரன் இருக்கும் ராசிக்கு ஏற்ப நாட்களை வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என நான்காகப் பிரித்து ஒவ்வோர் ஆண்டும் நாட்காட்டி வெளியிட்டார். விதைப்பதற்காக எழுதப்பட்ட அந்த நாட்காட்டியைக் காலப்போக்கில் குடிப்பதற்கும் எடுத்துக்கொண்டார்கள். கனி நாளிலும் பூ நாளிலும் ஒயின் சுவைக்கும், வேர் நாளிலும் இலை நாளிலும் சுவை மூடிக்கொள்ளும் என்பது அவர்களின் நம்பிக்கை. பிரிட்டனின் பெரிய அங்காடி நிறுவனங்களான டெஸ்கோவும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும் விமர்சகர்களுக்கு ஒயின் தரும் நாளை இந்த நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதாக 2009இல் செய்தி வந்தது. படித்தவர்கள், கணக்குப் பார்த்து வணிகம் செய்பவர்கள்!

இதை ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்தார்கள். நியூசிலாந்தின் ஒயின் துறையைச் சேர்ந்த 19 பேருக்கு, 12 சிவப்பு ஒயின்களை, எது எதுவென்று சொல்லாமல், கனி நாளிலும் வேர் நாளிலும் கொடுத்தார்கள். நாளைப் பொறுத்துச் சுவை மாறியதாக அவர்களின் மதிப்பீடுகளில் எதுவும் தெரியவில்லை. 2017இல் பிளாஸ் ஒன் எனும் ஆய்விதழில் அது வெளியானது. நாட்காட்டி மட்டும் நிற்கவில்லை, ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

புதனின் வக்ரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்று வாரம், புதன் பின்னோக்கிச் செல்வது போலப் பூமியிலிருந்து தோன்றும். நாம் செல்லும் இரயில் இன்னொரு இரயிலைக் கடக்கும்போது அது பின்னால் போவதாகத் தோன்றுவதைப் போன்ற தோற்றமே அது. புதன் தன் பாதையில் எப்போதும் போல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் பயணம் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம், பழைய ஒயினைத் திற என்கிறார்கள்.

டாரட் சீட்டின் கதைதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது, ஏனெனில் அதன் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். எகிப்தை ஆண்ட மம்லூக் அரசின் நிலப்பரப்பிலிருந்து அது வந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். மம்லூக் சீட்டுக்கட்டு ஒன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இன்றும் இருக்கிறது. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள். அரசனுக்கும் அவனுடைய நாயிபுக்கும் உரிய சீட்டுகளில் உருவப்படம் கிடையாது, எழுத்தும் பூவேலையும் மட்டுமே. ஸ்பானிய மொழியில் சீட்டுக்கு இன்றும் வழங்கும் 'நைப்பே' என்ற சொல் அந்த நாயிபிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. போலோ விளையாட்டு ஐரோப்பாவில் அப்போது தெரியாததால் மட்டை அங்கே தடியாகிவிட்டது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பிரபுக்கள் இதனோடு 22 உருவப்படச் சீட்டுகளைச் சேர்த்து 78 சீட்டுகளாக்கி விளையாடினார்கள். அப்போதும் அது பொழுதுபோக்குதான், யாரும் அதில் குறி பார்க்கவில்லை.

1781இல் பாரிஸில் கூர் த ஜெபலாங் எனும் எழுத்தாளர், இச்சீட்டுகள் பண்டைய எகிப்தியப் பூசாரிகளின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தின் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியை ஷாம்போலியோன் கண்டறிந்தது 1822இல்தான்! ஒரு வரியும் படிக்க இயலாத காலத்தில் சொல்லப்பட்ட அந்தக் கற்பனை மீதுதான் பிற்காலக் குறிச்சீட்டு வணிகம் முழுதும் எழுந்தது. இன்று கடைகளில் அதிகம் விற்கும் கட்டு 1909இல் லண்டனில் வெளியானது. அதற்குப் படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அக்கட்டின் 14ஆம் சீட்டில் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றும் உருவம் இருக்கும். மதுவில் தண்ணீர் கலந்து அதன் வீரியத்தைக் குறைப்பதைக் காட்டும் பழைய சித்திர மரபு அது. சீட்டின் பெயரே நிதானம், அடக்கம் என்னும் பொருளுடையது. மாணவியின் அட்டவணையில் அதற்கும் ஒரு குப்பி ஒதுக்கப்பட்டிருந்தது.

சோதிடத்தில் நம்மவர்களின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. கலீஃபா மன்சூர் 762இல் பாக்தாத் நகருக்கு அடிக்கல் நாட்டியபோது நாள் குறித்துக் கொடுத்தவர்கள் சோதிடர்களே. அபூ மஃஷருடைய சோதிட நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டன. அதை மறுத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். இப்னு சீனா தனியாக ஒரு மறுப்பு நூலே எழுதினார், இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் அதன் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். வானத்தைப் பார்ப்பது வேறு, அதில் விதியைப் படிப்பது வேறு. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பிலிருந்த இப்னுஷ் ஷாத்திர் 1371இல் அப்பள்ளியின் மினாராவுக்காகப் பெரிய நிழற்கடிகாரம் ஒன்றைச் செய்தார். நாம் மக்ரிபுக்கும் பிறைக்கும் வானத்தைப் பார்ப்பது அந்த வழியில்தான்.

கிரகண நாளன்று நடந்ததை விடவும் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பாலகராக இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியலார் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27. இப்ராஹீமின் மரணத்தால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையை மண்ணில் வைத்த தந்தை ஒருவர் சும்மா இருந்திருந்தால் போதும், அந்தப் பேச்சு அவருடைய புகழாகவே நிலைத்திருக்கும். நபியவர்கள் மக்களைத் திரட்டி நீண்ட தொழுகை நடத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை ஒளி இழப்பதில்லை என்று அறிவித்தார்கள். துக்கத்தின் நடுவிலும் அந்த ஒரு வதந்தியை அவர்கள் நிற்கவிடவில்லை. இதை மாணவியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது. தன் வாப்பா இறந்த நாளில் வீட்டில் யார் யார் எந்தச் சகுனத்தைச் சொன்னார்கள் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டிருப்பதாகத் திர்மிதியில் வரும் ஹதீஸை அவளும் அறிவாள். பிழிபவர், பிழியச் செய்பவர், குடிப்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். "எழுதிக் கொடுப்பவர் அதில் இல்லையே, உஸ்தாபி" என்றாள். சிறு வயதிலும் இப்படித்தான் மடக்குவாள். சுமப்பவரும் குடிக்கவில்லை, ஆனாலும் பட்டியலில் இருக்கிறாரே என்றேன். ஃபத்வா தரும் தகுதி எனக்கில்லை என்பதால் மூத்த ஆலிம் ஒருவரிடம் கேட்டுச் சொன்னேன். மதுவையும் குறியையும் விரும்பச் செய்யும் எழுத்தை ஏற்கக்கூடாது, முதலில் அந்தப் பணியை மட்டும் மாற்றித் தரும்படி கேட்கட்டும், வேலையையே விட்டுவிட அவசரப்பட வேண்டாம் என்றார். பொறுப்பிலிருப்பவர் அதிகம் பேசாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். இப்போது சமையல் பாத்திரங்கள் பற்றி எழுதுகிறாள். ஒயின் வணிகரின் பணிக்குக் கிடைத்த ஊக்கத்தொகை நின்றுபோனதால் தம்பியின் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டியிருக்கிறார்கள்.

எழுந்து போகும்முன் அவள் இன்னொன்றும் கேட்டாள். அதற்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

"அவர்கள் விளையாட்டாகச் சீட்டு எடுக்கிறார்கள், உஸ்தாபி. பிடித்த ஒயினைக் குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். நம் வீட்டில் உண்மையாகவே செய்கிறோம். எது பெரிய பாவம்?"

சென்ற ஆண்டு அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தொழுகையாளி, நல்ல வேலை, சீதனம் வேண்டாம் என்ற குடும்பம். பேச்சு முடியும் தறுவாயில் அவளுடைய தாயார் ஒருவரிடம் போய் 'பால் கிதாபு' பார்த்தார். பெண்ணின் பெயரையும் தாயின் பெயரையும் அரபு எழுத்தில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய அப்ஜத் எண்ணைக் கூட்டி, 12ஆல் வகுத்து, மீதி வரும் எண்ணுக்கு உரிய புருஜைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளைக்கும் அவ்வாறே. இரண்டும் பகை என்று சொல்லிவிட்டார் அவர். சம்பந்தம் நின்றது.

புருஜ் என்றால் ராசி. ஹமல் என்றால் மேஷம், ஸவ்ர் என்றால் ரிஷபம். ஜெர்மானியப் பெண்மணி முள்ளங்கி விதைக்க வைத்துக்கொண்ட அதே பன்னிரண்டு வீடுகள்தாம் இவை! அரபு எழுத்தில் இருப்பதாலும் பார்ப்பவர் தலையில் தொப்பி இருப்பதாலும் இது மார்க்கம் என்று நம் தாய்மார்கள் நம்பிவிடுகிறார்கள். குறிகாரனிடம் போய் ஒன்றைக் கேட்டவரின் தொழுகை நாற்பது நாட்களுக்கு ஏற்கப்படாது என்று முஸ்லிமில் வரும் ஹதீஸில், அவன் எந்த மொழியில் குறி சொல்கிறான் என்று பிரித்துச் சொல்லப்படவில்லை. 'பால்' என்ற பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது அரபியின் 'ஃபஃல்' என்ற சொல்லின் திரிபு. ஃபஃல் என்றால் காதில் விழும் நல்ல சொல் என்று நபியவர்களே விளக்கி, அது தமக்குப் பிடிக்கும் என்றார்கள். நல்ல சொல்லுக்குரிய பெயரை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் திருமணத்தை முறித்திருக்கிறோம்.

ஸஃபர் மாதத்தைப் பீடை மாதம் என்று ஒதுக்கியதும், ஒடுக்கத்துப் புதன் அன்று மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடித்ததும் நம் பாட்டிமார் காலத்தோடு போய்விட்டன என்று சிலர் சொல்கிறார்கள். எல்லா ஊரிலும் போகவில்லை. ஸஃபரில் பீடை கிடையாது என்று நபியவர்கள் தெளிவாகவே மறுத்திருக்கிறார்கள். இருந்தும் அந்த மாதத்தில் திருமண மண்டபம் எளிதாகக் கிடைக்கிறது.

எது பெரியது என்று நான் அவளிடம் தராசு பிடிக்கவில்லை. ஹுதைபியாவில் இரவு மழை பெய்த மறுநாள் காலை, சுபுஹு தொழுகைக்குப்பின், மழையை அல்லாஹ்வின் அருள் என்றவரையும் இன்ன நட்சத்திரத்தால் பெய்தது என்றவரையும் நபியவர்கள் பிரித்துக் காட்டிய ஹதீஸை நினைவூட்டினேன். நட்சத்திரம் என்று சொன்னவர்கள் பேசியது வீட்டுப் பேச்சுதான், வணிகம்கூட இல்லை. அவள் புரிந்துகொண்டாள்.

சில நாட்கள் கழித்து அவளுடைய தாயாரைச் சந்தித்தேன். என்னைவிட மூத்தவர், கணவரை இழந்து இரு பிள்ளைகளை வளர்த்தவர். அவரிடம் ஷிர்க் என்ற சொல்லை எடுத்த எடுப்பில் வீசுவது எனக்கு ஒப்பவில்லை. "பயமாக இருக்கிறது, ஆலிமாம்மா. தகப்பன் இல்லாத பிள்ளை. போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தானே கேட்பார்கள்" என்றார். அந்தப் பயத்தைத்தான் குறிகாரர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். அம்பை விலக்கிய மார்க்கம் இஸ்திகாராவைத் தந்திருக்கிறது. குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போல நபியவர்கள் அதைத் தோழர்களுக்குக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டு ரக்அத், ஒரு துஆ. எனக்கு அறிவில்லை, உனக்கு இருக்கிறது. இது நன்மையென்றால் எளிதாக்கு, தீமையென்றால் என்னைவிட்டு விலக்கு என்று கேட்பதே அதன் சாரம். பெயரைக் கூட்ட வேண்டியதில்லை, யாருக்கும் காணிக்கை தர வேண்டியதில்லை. விசாரிக்க வேண்டியவர்களிடம் விசாரித்து, பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு, தொழுது, ஒரு பக்கம் அடியெடுத்து வைக்க வேண்டும். துஆவை அவருக்குத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பொருளையும் கீழே எழுதினேன்.

புதிய சம்பந்தம் ஒன்று வந்திருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ். இம்முறை தாயும் மகளும் இஸ்திகாரா தொழுதிருக்கிறார்கள், பால் கிதாபு பக்கம் யாரும் போகவில்லை. இஸ்திகாராவுக்குக் கனவு வர வேண்டும் என்று ஹதீஸில் எங்கும் இல்லை என்பதை நான் இரண்டு முறை விளக்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தினமும் காலையில் சுபுஹு முடிந்ததும், "ராத்திரி என்ன கனவு கண்டாய்?" என்று தாயார் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம்.